பூஜ்யத்துக்கு இரண்டு சட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், தாங்களும் அங்கே இருந்ததாகவும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகவும் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்களை ஒன்றாக நிறுத்தினால் ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்கூடமே போதாது. இருந்தவர்கள் ஏழே பேர். வீட்டுக்காரர் இன்னாசி, தண்டையார்பேட்டை யார்டில் சரக்கு வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சிலுவையம்மாள். மகள் ஹில்டா, துறைமுகத்தை ஒட்டி ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் டெலிபோன் ஆப்பரேட்டர். மகன் யேசுதாஸ், எண்ணூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அதே பட்டறையில் அவனோடு வேலை செய்யும் திருவொற்றியூர் வரதன். இவர்கள் போக, ஹில்டாவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை ரெஜிஸ், கப்பலில் எஞ்சின் அறை வேலை. கடைசியாக, ரெஜிஸின் தகப்பனார் அருள்பிரகாசம், துறைமுக இழுவைப் படகை ஓட்டும் சாரங்கு. வேறு ஈ எறும்பு கிடையாது.

அன்று காலை இரண்டாம் பூசையில் ஹில்டாவுக்கும் ரெஜிஸுக்கும் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்திருந்தார்கள். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும், மூன்றும் முடிந்த பிறகுதான் தாலி என்பது முறை. “இன்னாசியின் குமாரத்தி” என்று சாமியார் வாசித்தபோது இன்னாசி தலையைத் திருப்பவில்லை. ஆனால் எத்தனை தலைகள் தன் பக்கம் திரும்பின என்பது அவருக்குத் தெரியும். அவர் குடும்பத்தில் யாரையும் பொய்யர் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல விட்டதுமில்லை.

சாப்பாடு முடிந்ததும் ஹில்டா மேஜையைத் துடைத்துவிட்டு அந்த விளையாட்டை எடுத்து வைத்தாள்.

இன்னாசிக்கு அந்த விளையாட்டைப் பிடிக்காது. பிடிக்காது என்பதை அவர் மறைத்ததும் கிடையாது. கட்டம் இல்லை, காய் இல்லை, ஜெயித்தவன் இல்லை. ஒருத்தர் நடுவராக உட்கார்ந்து, இல்லாத ஊர் ஒன்றை மனசில் கட்டி, கண்ணெதிரே இருப்பது போலச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். ஒருவன் வாள்வீரன், ஒருவன் மந்திரக்காரன், ஒருவன் குள்ளன். நடுவர் “எதிரே கதவு” என்றால் இவர்கள் “உடைக்கிறேன்” என்பார்கள். உடைந்ததா இல்லையா என்பதைப் பல முகங்கள் கொண்ட பகடை சொல்லும். ஒவ்வொருத்தனுக்கும் இத்தனை உயிர் என்று ஒரு கணக்கு உண்டு. அடி விழ விழ அது குறையும். வளர்ந்த பிள்ளைகள், சம்பளம் வாங்குகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடி உட்கார்ந்து “நான் குள்ளன், எனக்கு இருட்டில் கண் தெரியும்” என்று பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் இன்னாசி செய்தித்தாளைச் சத்தமாகப் புரட்டுவார்.

அது வீட்டுக்குள் வந்தது ஹில்டா மூலமாகத்தான். ஒரு வெளிநாட்டுக் கப்பலின் அதிகாரி ஏஜென்சி ஆபீசில் ஒரு பெட்டியை மறந்துவிட்டுப் போனார். கப்பல் திரும்பவில்லை. பெட்டியில் மூன்று மெல்லிய புத்தகங்களும் கொஞ்சம் பகடைகளும். எழுதிய ஆள் பாதி விஷயத்தைத் தன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு மீதியைத்தான் அச்சடித்திருந்தார். யார் முதலில் அடிப்பது, எத்தனை தடவை அடிப்பது என்பதைக்கூட வாசிக்கிறவன் ஊகிக்க வேண்டும். ஹில்டாவும் யேசுதாசும் மாதக் கணக்கில் முட்டி மோதி, புரியாத இடத்தில் தாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டு விளையாடக் கற்றார்கள். அரண்மனையும் கோட்டையும் அவர்களுக்கு ஒட்டவில்லை. எண்ணூர் உப்புக் கிடங்குக்குக் கீழே ஒரு பாதாளம் இருப்பதாக ஹில்டா கட்டினாள். வரதன் வந்து சேர்ந்து குள்ளனானான்.

நிச்சயம் முடிந்த கையோடு, லீவில் இருந்த ரெஜிஸ் இதைக் கேள்விப்பட்டு, போன கப்பலில் தான் வாங்கிவந்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தான். அதே விளையாட்டு, புதிய பதிப்பு. கெட்டி அட்டை, செங்கல் கனம், பக்கம் முழுக்கச் சின்ன எழுத்து. “படிச்சிகினு இரு” என்று ஹில்டாவிடம் விட்டுப்போனான். முதல் பக்கத்தில் அவன் பெயர் எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. பழைய புத்தகத்தில் எல்லா ஆயுதத்துக்கும் ஒரே அடி, புதியதில் கத்திக்கு ஒன்று கோடாலிக்கு ஒன்று. பழையதில் ஒரு வரியில் முடிகிற விஷயம் புதியதில் ஒரு பக்கம்.

“பழசு கையேந்தி பவன்,” என்றான் வரதன். “இன்னா கீதோ அத்த துன்னு. புதுசு பெரிய ஓட்டலு. மெனு படிச்சி முடிக்கிறதுக்குள்ள பசி பூடும்.”

இரண்டுக்கும் நடுவே இருந்த பெரிய வித்தியாசம் சாவில் இருந்தது. பழைய புத்தகத்தில் உயிர்க் கணக்கு பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் செத்தான், கதை முடிந்தது. புதியதில் பூஜ்யம் என்றால் மயக்கம்தான். கூட இருப்பவன் ஓடிப்போய்க் கட்டுப் போட்டால் பிழைத்துக்கொள்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெஜிஸ் முதல் தடவையாக ஆட உட்கார்ந்தான். வாள்வீரன் வேஷம். அருள்பிரகாசம் வெற்றிலையை மடித்துக்கொண்டு மகனுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். அவருக்கு விளையாட்டில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் பகடை உருளும்போதெல்லாம் மகன் முகத்தைப் பார்த்து, ஜெயிக்கிறானா தோற்கிறானா என்று தெரிந்துகொண்டார்.

பாதாளத்தில் உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் ஆள் உயர நண்டு ஒன்று இருந்தது. மந்திரக்காரன் யேசுதாஸ் பின்வாங்கலாம் என்றான். ரெஜிஸ் கேட்கவில்லை.

“போய் வெட்றேன்,” என்றான்.

ஹில்டா பகடையை உருட்டினாள். பார்த்தாள். “கொடுக்கு உங்க மேல வியுந்திச்சி. உசுரு பூஜ்யம். செத்துட்டீங்க.”

“செத்துட்டனா? இரு. பூஜ்யம்னா மயக்கம் தான். நான் குத்த புக்குல கீது. யாராச்சும் கட்டு போட்டா பொயச்சிப்பேன்.”

“நாம ஆடறது பழைய புக்கு.”

யேசுதாஸ் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மேஜைக்கு இறக்கினான். செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த இன்னாசி அதைக் கவனித்தார்.

“இன்னாடா சொல்லுது அது?” என்றார் அருள்பிரகாசம்.

“செத்துட்டேன்னு சொல்லுது. புது புக்குல சாவல. பழசுல தான் சாவும்.”

“புது புக்கு யாரு குத்தது?”

“நான் தான்.”

“நீ குத்த புக்க மூடி வச்சிகினு, உன்ன சாவடிக்க மட்டும் பழச எடுக்குதா?” அருள்பிரகாசம் வெற்றிலைச் சாற்றை விழுங்கினார். “சூப்பர்மா. ஓல வாசிச்ச அன்னிக்கே டபாய்க்க ஆரம்பிச்சிட்டே. பேமானி ஆட்டம் ஆடற பொண்ண தான் எங்க தலைல கட்டறாங்களா?”

செய்தித்தாள் மடிந்தது. நான்காக மடித்து, மடிப்பை விரலால் அழுத்தித் தேய்த்து, பக்கத்தில் வைத்துவிட்டு இன்னாசி எழுந்தார்.

“சம்பந்தி. அந்த வார்த்தைய எடுத்துடுங்க.”

“எந்த வார்த்த?”

“உங்களுக்குத் தெரியும். என் வூட்ல, என் பொண்ண பாத்து சொன்னீங்க.”

“கண்ணால பாத்தத தானே சொன்னேன்.”

“நீங்க பாத்தது ஒரு ஆட்டம். சொன்னது குடும்பத்த.”

“வெளயாட்டுல பொய் சொல்ற கை, அடுப்படில மட்டும் நெஜம் சொல்லுமா?”

சிலுவையம்மாள் காப்பி டம்ளர்களோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். ரெஜிஸ் ஒரு வார்த்தை சொல்வான் என்று எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பகடையை எடுத்து அதன் முகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னாசி குரலை உயர்த்தவில்லை. உயர்த்துவது அவர் வழக்கமில்லை. “ரெண்டு புஸ்தகமும் இங்க இருக்கட்டும். நான் படிக்கிறேன். வர்ற ஞாயித்துக்கிழம இதே மேஜைல தீர்ப்பு சொல்றேன். என் பொண்ணு மேல தப்புன்னா, அவ உங்க எல்லாரு முன்னாலயும் மன்னிப்பு கேப்பா. இல்லன்னா நீங்க கேக்கணும்.”

“நீ இன்னா நாட்டாமையா?”

“இந்த வூட்டுக்கு நான் தான்.”

அருள்பிரகாசம் சிரித்தார். “படிய்யா. படிச்சிட்டு சொல்லு. ரயிலு தான் வரலயே, வேற வேல இன்னா.” மகனைத் தோளில் தட்டி எழுப்பிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். காப்பி அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலை இன்னாசி சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மேஜையில் உட்கார்ந்தார். இங்கிலீஷ் அவருக்குப் புதிதில்லை. அவருடைய இங்கிலீஷ் ரயில்வே விதிப் புத்தகத்தில் கற்றது. அதில் ‘செய்ய வேண்டும்’ உண்டு, ‘செய்யக் கூடாது’ உண்டு, நடுவே ஒன்றும் கிடையாது. இந்தப் புத்தகங்களோ ஒவ்வொரு பக்கத்திலும் அவரை அவமானப்படுத்தின. பிடிக்காத விதியை நடுவர் மாற்றிக்கொள்ளலாம் என்று பழைய புத்தகமே சொன்னது. அந்த வரியை அவர் ஸ்கேல் வைத்து மறுபடி வாசித்தார். மாற்றிக்கொள்ளலாம் என்றால் எதற்கு அச்சடித்தான்? இப்படி ஒரு வரி கார்டின் புத்தகத்தில் இருந்தால் கொருக்குப்பேட்டைக்கும் எண்ணூருக்கும் நடுவே எத்தனை பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கியிருக்கும்?

ஆனாலும் படித்தார். சாவு, காயம், கட்டு, விஷம் என்று ஒவ்வொன்றையும் இரண்டு புத்தகத்திலும் எடுத்து எதிரெதிரே வைத்துப் பார்த்தார். குள்ளனுக்கு இருட்டில் எத்தனை அடி தூரம் கண் தெரியும் என்பதில்கூட வித்தியாசம் கண்டுபிடித்து வரதனிடம் சொன்னார்.

“நைனா, நீங்களும் ஒரு வேஷம் கட்டுங்களேன்,” என்றான் வரதன்.

“எனக்கு இருக்கிற வேஷம் போதும்.”

ரயில்வேயில் புது விதி வந்தால் அதற்கென்று ஒரு முறை இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து திருத்தச் சீட்டு வரும். இந்தத் தேதி முதல் இன்ன விதி ரத்து, அதற்குப் பதில் இது என்று அதன் தலையில் போட்டிருக்கும். ஒவ்வொருவரும் தன் புத்தகத்தை எடுத்து, சீட்டை அளவாக வெட்டி, பழைய விதியின் மேலேயே ஒட்டி, கையெழுத்துப் போட வேண்டும். ஒட்டிய பிறகு பழைய விதி யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. ஒட்டாத புத்தகத்தோடு வண்டி ஏறியவன் வேலையைவிட்டு நிறுத்தப்படுவான். இன்னாசியின் விதிப் புத்தகம் ஒட்டி ஒட்டித் தலையணை போலாகியிருந்தது. அதைப் பார்த்த இன்ஸ்பெக்டர்கள் மற்ற கார்டுகளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே புதிய புத்தகத்தில் அவர் முதலில் தேடியது ரத்து வாசகத்தை. முன்னுரையில் தேடினார், கடைசிப் பக்கத்தில் தேடினார். இல்லை. பழையது செல்லாது என்று புதியது எங்கேயும் சொல்லவில்லை. அப்படியானால் இரண்டும் அமலில் உள்ளவை. நடுவர் எதை எடுத்தாலும் குற்றமில்லை. புதன்கிழமைக்குள் தீர்ப்பு அவர் கையில் இருந்தது. அருள்பிரகாசம் இந்த மேஜைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கும் காட்சியை அவர் மனசில் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தார்.

அப்போதுதான் யேசுதாஸ் அக்காவைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். அதற்கு முந்தின ஞாயிறு யேசுதாசின் மந்திரக்காரன் படிக்கட்டிலிருந்து விழுந்தான். உயிர் பூஜ்யம். “மயக்கம் தான், சாவல. வரதா, ஓடி கட்டு போடு,” என்று ஹில்டா சொன்னதைச் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இவரே கேட்டிருக்கிறார்.

சாயந்திரம் ஹில்டா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

“தாசுக்கு புதுச் சட்டம். ரெஜிஸுக்கு பழசு. அப்படித்தானே?”

ஹில்டா மழுப்பவில்லை. “ஆமா நைனா.”

“தெரிஞ்சே செஞ்சியா?”

“தெரிஞ்சே தான்.”

“ஏன்?”

அவள் ஈரக் குடையை மூலையில் சாய்த்தாள். “வருஷத்துல முக்காவாசி அவரு கப்பல்ல. இங்க இருக்கறப்ப அவரு அப்பா கூட. நிச்சயத்துக்கு அப்பால அவரு கூட தனியா நாலு வார்த்த பேசினதில்ல. தோத்தா அவரு எப்படி இருப்பாருன்னு பாக்கணும்னு தோணிச்சி. நிஜத்துல தோக்கிற அன்னிக்கு பாத்து இன்னா பிரயோஜனம்?”

“பாத்தியா?”

“பாத்தேன். அவரு கோவப்பட்டிருந்தா கூட எனக்கு பேஜாரு இல்ல. அவரு அப்பா என்ன பேமானின்னாரு. இவரு பகடைய பாத்துகினு இருந்தாரு.”

இன்னாசிக்கு மகள் சொன்னது புரியாமல் இல்லை. அவரும் அன்று அதைத்தான் பார்த்தார். ஆனால் அது வேறு விவகாரம். ஒரு ஆட்டத்தில் ஒருவனுக்கு ஒரு சட்டம், இன்னொருவனுக்கு இன்னொன்று வைத்த பிறகு, நோக்கம் என்ன என்று பேச அவருக்கு நாக்கு எழவில்லை.

“கேட்டுட்டுத் தெரிஞ்சிக்கணும். ஏமாத்தித் தெரிஞ்சிக்கக் கூடாது,” என்றார். “ஞாயித்துக்கிழம மன்னிப்பு கேப்பே.”

“அவரு அப்பா கிட்டயா?”

“எல்லாரு கிட்டயும்.”

ஹில்டா கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளினாள். “நீங்க சொன்னா கேக்கறேன். ஒரு தடவ தான் கேப்பேன்.”

தீர்ப்பு இப்போது தலைகீழாகிவிட்டது. யேசுதாசுக்குப் புதிய விதியைப் போட்ட அன்றே அது அமலுக்கு வந்துவிட்டது. ஆகவே ரெஜிஸின் வாள்வீரன் சாகவில்லை. மகள் தோற்ற தீர்ப்பாக இருந்தாலும் அது நேரான தீர்ப்பு. வாயால் சொல்லிவிட்டுப் போனால் நாளைக்கு இன்னொருத்தி பழைய பக்கத்தைத் திறக்கமாட்டாளா? சனிக்கிழமை காலை இன்னாசி பிளேடு, ஸ்கேல், ஒரு கிண்ணம் கஞ்சிப் பசை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கெட்டி அட்டைப் புத்தகத்தில் அந்த விதி இருந்த பத்தியைக் கோடு பிசகாமல் வெட்டி எடுத்தார். பழைய புத்தகத்தில் சாவு விதியின் மேல் வைத்து ஒட்டி, ஓரத்தைத் துணியால் ஒற்றி, கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த வேலைகளில் அவருக்கே திருப்தி தந்த வேலை அது.

சிலுவையம்மாள் எட்டிப் பார்த்தாள். “இன்னா, மாப்பிள்ள புஸ்தகத்த கிழிக்கிறீங்க?”

“கிழிக்கல. திருத்தறேன்.”

புது விதி என்று ஒன்று அவர் கைக்கு வந்ததெல்லாம் வெட்டி ஒட்டுவதற்காகவே வந்தது. வெட்டக் கூடாத விதி ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மத்தியானம் அதே ஏழு பேர், அதே மேஜை. அருள்பிரகாசம் உட்காரும்போதே, “தீர்ப்பு ஆச்சா நாட்டாம?” என்றார்.

“ஆச்சு.” இன்னாசி நின்றபடியே பேசினார். “உங்க பையன் ஆளு சாவல. என் மவனுக்கு போட்ட சட்டம் உங்க மவனுக்கும் உண்டு. ஹில்டா செஞ்சது தப்பு. ஹில்டா.”

ஹில்டா எழுந்து நின்றாள். “நான் ரெண்டு பேருக்கு ரெண்டு சட்டம் வச்சேன். தெரிஞ்சே வச்சேன். அது தப்பு. மன்னிச்சிக்கோங்க.” ரெஜிஸைப் பார்த்துத்தான் சொன்னாள். அவன் தகப்பனாரைப் பார்த்தான்.

“பாத்தியா, நான் சொல்லல?” என்றார் அருள்பிரகாசம். “சாரங்கு கண்ணுடா இது. ஜோலார்பேட்டைக்கு போற வண்டி இல்ல, லேட்டா வர்றதுக்கு.”

“நீங்க சொன்ன அந்த வார்த்த—” என்று இன்னாசி ஆரம்பித்தார்.

“அது தான் கரெக்டுன்னு நீயே தீர்ப்பு சொல்லிட்டியே.”

இன்னாசிக்குப் பதில் இருந்தது. ஆட்டத்தில் ஒரு தப்பு செய்தவளும் பேமானியும் ஒன்றில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரெஜிஸ் தன் புத்தகத்தை இழுத்துத் திறந்திருந்தான். பக்கத்தைப் புரட்டினான். நிறுத்தினான். தாளில் இருந்த சதுர ஓட்டை வழியாக அடுத்த பக்கம் தெரிந்தது.

“யாரு இத்த வெட்டினது?”

“நான் தான்,” என்றார் இன்னாசி. பழைய புத்தகத்தைத் திறந்து காட்டினார். “இதோ, இங்க ஒட்டியிருக்கு. இனிமே இது தான் சட்டம். யாரும் மாத்த முடியாது.”

ரெஜிஸ் தாளைத் திருப்பினான். “பின்பக்கம் ஒரு டேபிள் இருந்திச்சி. பாதி பூட்ச்சி.” அவன் குரல் அன்றுதான் அந்த வீட்டில் பெரிதாகக் கேட்டது. “இன்னொருத்தன் புக்க பிளேடு போட்டு வெட்ற அளவுக்கு மூள மயங்கிட்ச்சா உங்களுக்கு?”

“மரியாதயா பேசுங்க,” என்றான் யேசுதாஸ்.

“இன்னா மரியாத? பொண்ணு பேமானி, அப்பன் பிளேடு திருடன்,” என்றார் அருள்பிரகாசம். வரதன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். இன்னாசி கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார்.

அவர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளேடு எவ்வளவு நேராகப் போயிருந்தது. அது இன்னொருத்தன் பொருள் என்பது இப்போதுதான், எல்லோருக்கும் கடைசியாக, அவருக்கு உறைத்தது. முதல் பக்கத்தில் பெயர்கூட எழுதியிருந்தது.

“தப்பு என்னுது,” என்றார். “இன்னா செய்யணும் சொல்லுங்க.”

அருள்பிரகாசம் இதற்காகவே காத்திருந்தவர் போலச் சொன்னார். “வர்ற ஞாயித்துக்கிழம மொதல் பூச வுட்டதும், கோயில் வாசல்ல, ஜனம் நிக்கும்போது நீ சொல்லணும். எம் மாப்பிள்ள பொருள கேக்காம வெட்டிட்டேன், மன்னிச்சிக்கோன்னு. சொன்னா ரெண்டாம் பூசைல மூணாம் ஓல. இல்லாங்காட்டி ஓலயும் இல்ல ஒண்ணும் இல்ல.”

“மாமா, அது வூட்டுக்குள்ள நடந்தது,” என்றாள் ஹில்டா. பிறகு ரெஜிஸ் பக்கம் திரும்பினாள். “நீங்க இன்னா சொல்றீங்க?”

“அப்பா சொன்னா சரி தான்,” என்றான் ரெஜிஸ்.

“செய்றேன்,” என்றார் இன்னாசி.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. போக வேண்டாம் என்று சிலுவையம்மாள் அழுதாள். மூன்றாம் ஓலை நின்றால் ஊர் தன் மகளைத்தான் நாக்கில் போட்டு அரைக்கும், தன்னை இல்லை என்பது இன்னாசிக்குத் தெரியும். அதைவிட, தப்புச் செய்துவிட்டு இல்லை என்று நின்றவன் என்ற பேர் அவருக்கு வேண்டாம். மன்னிப்புக் கேட்பதால் குனிகிற முதுகு வேறு, கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் ஒளிகிற முதுகு வேறு. ஹில்டா ஒரு தடவை மட்டும், “எனக்காக போறீங்களா, உங்களுக்காக போறீங்களா நைனா?” என்று கேட்டாள்.

“வெட்டின புஸ்தகத்துக்காகப் போறேன்.”

மூன்றாம் ஞாயிறு மழை விட்டிருந்தது. முதல் பூசை முடிந்து வருகிற கூட்டமும் இரண்டாம் பூசைக்குப் போகிற கூட்டமும் வாசலில் கலக்கும் நேரம். காசிமேட்டுக்காரர்கள், யார்டில் கூட வேலை பார்த்தவர்கள், அவருக்குக் கீழே வேலை பழகிய கார்டுகள் எல்லாம் நின்றார்கள். இன்னாசி கோட்டுப் போட்டு வந்திருந்தார். படியில் நின்று, வண்டி கிளம்பும்போது எஞ்சின்வரை கேட்க வேண்டும் என்று பழகிய குரலில் சொன்னார்.

“மாப்பிள்ள ரெஜிஸோட புஸ்தகத்த நான் கேக்காம வெட்டிட்டேன். அது என் தப்பு. எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேக்கறேன்.”

வாசலில் சத்தம் அடங்கிவிட்டது.

“பின்னால கேக்கலயாம்,” என்றார் அருள்பிரகாசம்.

இன்னாசி பின்னால் இருந்தவர்கள் பக்கம் திரும்பி நின்று, ஒரு சொல் கூடாமல் குறையாமல் மறுபடி சொன்னார். பழைய கார்டு ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ரெஜிஸ் புதுச் சட்டையின் பொத்தானைச் சரிசெய்தான்.

“சரி,” என்றார் அருள்பிரகாசம். “இப்ப பொண்ணு வந்து சொல்லட்டும்.”

“இன்னா சொல்லணும்?”

“பேமானி ஆட்டம் ஆடினேன், மன்னிச்சிக்கோங்கன்னு.”

“அவ வூட்ல சொல்லிட்டா.”

“வூட்ல சொன்னது நமக்கு. இது ஊருக்கு.”

இன்னாசி படியிலிருந்து ஒரு படி இறங்கினார். இருவர் முகங்களும் இப்போது ஒரே உயரத்தில் இருந்தன. “ஒரு தப்புக்கு ரெண்டு தண்டன எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. ரெண்டையும் நான் படிச்சிருக்கேன். அவ சொல்ல மாட்டா.”

“சொல்லாங்காட்டி—”

“ரெஜிஸ்,” என்றாள் ஹில்டா.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். கோபமாக இல்லை. டெலிபோனில் எண்ணைத் திரும்பக் கேட்பது போலக் கேட்டாள். “நான் இங்க சொல்லணும்னு நீங்க ஆசப்படறீங்களா?”

ரெஜிஸ் தகப்பனாரைப் பார்த்தான். அவர் இன்னாசியையே முறைத்துக்கொண்டிருந்தார். பதில் கிடைக்காமல் அவன் சுற்றி நின்ற ஜனத்தைப் பார்த்தான், கோபுரத்தைப் பார்த்தான். “ஒரு வார்த்த தானே,” என்றான். “சொல்லிட்டா முடிஞ்சிது.”

ஹில்டா தலையசைத்தாள். பிறகு தகப்பனாரைப் பார்த்தாள். இன்னாசிக்கு அந்தப் பார்வை தெரியும். சிக்னல் கேட்கிற பார்வை அது. அவர் வாழ்நாளில் யாருக்காகவும் வழியைவிட்டு ஒதுங்கியவர் இல்லை. அன்று ஓர் அடி ஒதுங்கி நின்றார்.

அவள் அவரைக் கடந்து உள்ளே போய், பக்கவாட்டுக் கதவு வழியாகச் சாமியார் உடை மாற்றுகிற அறைக்குப் போனாள். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. அழுதிருக்கவில்லை. பெண்கள் பக்கம் போய்த் தாயின் அருகில் முட்டி போட்டாள். அருள்பிரகாசம், அவள் சாமியாரிடம் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள் என்று நினைத்துக்கொண்டு, மகனோடு முன் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

பிரசங்கம் முடிந்ததும் சாமியார் ஓலைகளை வாசித்தார். காசிமேட்டு ஜோடி ஒன்று, அடுத்து ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜோடி. பிறகு தாளை மடித்து வைத்துவிட்டார். அருள்பிரகாசத்தின் கழுத்து மெதுவாகத் திரும்பியது. இன்னாசி நேரே பீடத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலித்தது. ஆனால் தன் குடும்பத்தின் ஓலை நின்றுபோன அந்த நிமிஷத்தில் குனிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பனைமரத்தொட்டியிலும் காசிமேட்டிலும் ஒரு கதை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னாசி வீட்டில் பிசாசுப் படம் போட்ட புத்தகம் இருந்ததாம். அதை வைத்துக்கொண்டு ஞாயிறு தோறும் ஆவி கூப்பிட்டார்களாம். அதைப் பார்த்துப் பயந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் வேண்டாம் என்று ஓடிவிட்டார்களாம். தவறு. அந்த வீட்டில் யாரும் எந்த ஆவியையும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஓடவும் இல்லை, மூன்றாம் ஓலை கேட்க முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓலையை நிறுத்தியவள் ஹில்டா.